திண்ணையை விட்டு வீட்டுக்குள் வந்த நாய்

காவேரி டெல்டாவிலுள்ள குத்தாலத்தின் பழைய ஓட்டு வீடுகளில் வாசலை ஒட்டித் திண்ணை இருக்கும். திண்ணையின் கீழே சுருண்டு கிடக்கும் நாய் எந்த வீட்டுடையது என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காலையில் ஒரு வீட்டில் பழையது, மதியம் இன்னொரு வீட்டில் மீன் முள்ளும் சோறும், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறம் என்று அதன் வயிறு நிறைந்தது. ராத்திரியில் அது குரைத்துக் காத்தது தெரு முழுவதையும். இப்போது திண்ணைகளை இடித்துவிட்டோம். அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கேட்டும் நிற்கின்றன. கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகை, உள்ளே சங்கிலியில் ஒரு நாய். பத்துப் பன்னிரண்டு வீடுகள் தங்களுக்கே தெரியாமல் பகிர்ந்து சுமந்த பொறுப்பு இப்படி ஒரே வீட்டின் தலையில் வந்து இறங்கிவிட்டது. ஆனால் குட்டி வாங்கப் போகும்போது நம் மனசு மட்டும் திண்ணைக் காலத்திலேயே இருக்கிறது. மீந்த சோறு போதும், வாசலில் கிடக்கும், தானே வளர்ந்துவிடும் என்ற அந்தப் பழைய கணக்கில் புது நாய் வாங்குவதுதான் நாய்க்கும் வீட்டுக்கும் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் என்பது என் கருத்து.

பழைய ஏற்பாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தெரு நாயின் வாழ்க்கை கடுமையானது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மேற்கு வங்கத்தில் தெரு நாய்களின் 364 குட்டிகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதை எட்டியவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இறந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை வண்டியில் அடிபட்டோ, வேறு வகையிலோ மனிதர்களால் போயின. நம் ஊரிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறக்கும் குட்டிகள் என்ன ஆகின்றன என்பதைப் பார்க்க ஆராய்ச்சி தேவையில்லை. தெருவில் வளர்ந்து நிற்கும் ஒவ்வொரு நாயும் செத்துப்போன நாலு குட்டிகளுக்குப் பிறகு மிஞ்சியது. 'நாட்டு நாய்க்கு ஒன்றுமே வேண்டாம், தானே வளரும்' என்று நாம் சொல்லும்போது அந்த நாலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரும் குட்டி ஒன்றே ஒன்று. அது பிழைத்தே ஆக வேண்டும் என்று நினைத்துத்தானே கொண்டுவருகிறோம்?

ஆகவே முதல் கேள்வி, எந்த ஜாதி நாய் என்பதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி, அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்பது. நடுத்தர அளவுள்ள நாய் நன்றாகப் பேணப்பட்டால் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பன்னிரண்டு வருஷம் என்றால் 4,380 நாள், இரண்டு வேளை வீதம் 8,760 முறை யாராவது தட்டில் சோறு வைக்க வேண்டும். டெல்டா வீடுகளில் இந்த 'யாராவது' என்பதுதான் பெரிய சிக்கல். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள், வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும். தனியாக இருக்கிறார்களே, துணைக்கும் காவலுக்கும் ஆகட்டும் என்று விடுமுறையில் வந்த மகன் ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறான். அன்பினால் செய்த காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் எட்டு மாதத்தில் அந்தக் குட்டி முப்பது கிலோவாகி, தெருவில் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால், முழங்கால் தேய்ந்த அம்மாவால் சங்கிலியைப் பிடித்து நிறுத்த முடியுமா? அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் காவலுக்கு வந்த நாயே ஆபத்தாகிவிடும். கண் அறுவை சிகிச்சைக்குத் தஞ்சாவூரில் நாலு நாள் தங்க நேர்ந்தால் நாயை யார் பார்ப்பது? வயதானவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச்சுத் துணை குறைந்த வீட்டில் நாய் எத்தனை பெரிய ஆறுதல் என்பதை யாரும் மறுக்க முடியாது. அவர்களுக்கு ஏற்றது ஓரிரண்டு வயதான, குணம் தெரிந்த, சின்ன உருவமுள்ள நாய். கடித்துக் குதறும் பருவத்துக் குட்டியோ, பார்த்தாலே திருடன் பயப்பட வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பெரிய நாயோ அவர்களுக்குச் சரிப்படாது. காவல்தான் நோக்கம் என்றாலும், சத்தம் கேட்டதும் குரைக்கும் நாயே போதும். அந்த வேலையை நம் தெரு நாயைவிட நன்றாகச் செய்யும் இனம் எதுவும் இல்லை.

அடுத்தது வெயிலும் ஈரமும். நாய்க்கு மனிதனைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலம் வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தப்படும். காவேரியும் வாய்க்காலும் வயலும் சூழ, கடலும் அதிக தூரமில்லாத நம் பகுதியில் சித்திரை, வைகாசியில் வரும் புழுக்கம் மதுரையின் உலர்ந்த வெயிலைவிட நாய்க்குக் கொடுமையாவது இதனால்தான். மூக்கு தட்டையான பக் போன்ற நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கிக்கு மேலே இரண்டு அடுக்கு ரோமம். 2024 செப்டம்பரில் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, அலாஸ்கன் மாலமூட், பக் உள்ளிட்ட பதினோரு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. எதிர்ப்புகள் வந்து அது மறுபரிசீலனைக்குப் போனாலும், அதன் பின்னுள்ள உடலியல் காரணம் மறுபரிசீலனைக்கு உரியதில்லை. 'எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது' என்பார்கள். மின்வெட்டு வராதா, புயல் வந்து நாலு நாள் கம்பம் சாய்ந்து கிடக்காதா? இரவு பகலாக ஒரே அறையில் அடைபட்டு நாய் வாழ முடியுமா? சரி, நம் நாட்டு இனங்களுக்குப் போவோம் என்றால் அங்கேயும் யோசனை தேவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டங்களின் வறண்ட வெளியில் முயல் விரட்டவும் பன்றி மறிக்கவும் உருவானவை. கோம்பை தேனி மாவட்டத்து மலையடிவாரத்தது. தமிழ் நாய் என்பதாலேயே அவை டெல்டா நாய் ஆகிவிடாது. சிப்பிப்பாறையின் நீண்ட கால்கள் ஓடுவதற்கென்றே அமைந்தவை, பத்தடிச் சந்தில் அதைக் கட்டிப்போடுவது கொடுமை. வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும் என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குட்டியின் பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்தாலே ஓரளவு புலப்படும்.

இனத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறையப் பேசுகின்றன. நெல் வயலுக்கு நடுவே நாய் வளர்ப்பதன் தனி ஆபத்துகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை. குறுவையும் சம்பாவும் தாளடியும் மாறிமாறி நடக்கும் மண்ணில் எலி இல்லாத வரப்பு கிடையாது. தஞ்சாவூர்ப் பகுதியின் மூங்கில் எலிக்கிட்டிகள் வேளாண்மைப் பாடப்புத்தகங்களிலேயே இடம் பிடித்தவை. எலியின் சிறுநீரில் வரும் கிருமிதான் எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸுக்குக் காரணம். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நடக்கும்போது சிறு கீறல் வழியாகவும், அந்தத் தண்ணீரை நக்குவதாலும் நாய்க்குத் தொற்றும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தொற்றிய நாயின் சிறுநீர் வழியே வீட்டு மனிதர்களுக்கும் வரலாம். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான பகுதியும் சேர்ந்த வகை இருக்கிறது, ஆனால் அதன் பாதுகாப்பு நீடிப்பதில்லை என்பதால் வருஷா வருஷம் போட வேண்டும். நகரத்து அடுக்குமாடியில் வளரும் நாய்க்கு இது அத்தனை அவசரமில்லாமல் இருக்கலாம், குத்தாலத்தில் இதைத் தவிர்க்கக் கூடாது. எலியைவிட எலிமருந்து இன்னும் மோசம். பொரியிலோ கருவாட்டிலோ ஜிங்க் பாஸ்பைடு கலந்து வளை அருகே வைப்பது வழக்கம். கருவாட்டு வாசனை நாயை எத்தனை தூரத்திலிருந்து இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கரும்பொடி வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. விஷம் தின்ற நாய்க்கு மோரும் சோறும் கொடுக்கும் கைவைத்தியம் இங்கே எதிர்ப்பலனே தரும், ஏனென்றால் உணவு உள்ளே போனால் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். இவற்றோடு வரப்பில் கண்ணாடி விரியன், புல்லில் உண்ணி. உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் ரத்த அணுக்கள் அழிந்து, நாய் சோறெடுக்காமல் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டால் நாய் தானே சுற்றிவிட்டு வரும் என்று நினைக்கிற வீட்டுக்காரர், அது சுற்றப்போகும் அந்த வயல்வெளியை ஒருமுறை நாயின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வைத்தியம் எங்கே என்பதையும் குட்டி வருமுன் பார்த்துவைப்பது நல்லது. அரசுக் கால்நடை மருந்தகங்களின் அன்றாட வேலை மாட்டையும் ஆட்டையும் சுற்றியது. தடுப்பூசிக்கும் சாதாரண நோய்க்கும் அங்கே போகலாம். எலும்பு முறிவு, பிரசவச் சிக்கல், ஸ்கேன் என்று வந்தால் பெரிய மருத்துவமனையைத் தேட வேண்டும். 2012-இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மண்டலத்துக்குக் கிடைத்த பெரிய வசதி, ஆனால் குத்தாலத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட குட்டி ரத்தமாகக் கழிந்துகொண்டிருக்கும்போது பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். யாருடைய கார், எத்தனை வாடகை என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பார்வோவைத் தடுக்க ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்தியவர்களின் குட்டிகளும் செத்துப்போவதுண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையை மறித்துவிடும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் திண்ணைக் காலக் கணக்கு பாதி சரி. நாய்க்கு அரிசிச் சோறே ஆகாது என்று தீவனக் கம்பெனிகளின் விளம்பரம் நம்ப வைக்கிறது. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழ வந்த நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதை 2013-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். உழவனோடு வாழ்ந்து உழவனின் சோற்றுக்குப் பழகிய விலங்கு அது. ஆனால் சோறு மட்டும் போதாது, முட்டையோ கோழியோ மீனோ கூட வேண்டும். சாம்பார் சாதம், குழம்புச் சட்டி வழித்த சோறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நம் குழம்பின் உயிரே சின்ன வெங்காயமும் பூண்டும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அதனால் நாய்க்கென்று உப்பும் காரமும் வெங்காயமும் இல்லாமல் ஒரு பாத்திரம் தனியாக அடுப்பில் ஏற வேண்டும். நடைமுறையில் அது வீட்டுப் பெண்களின் தலையில் விழும் கூடுதல் வேலை. நாய் வேண்டும் என்று சொல்பவர் ஒருவராகவும் அதற்குச் சமைப்பவர் வேறொருவராகவும் இருக்கும் வீட்டில், சமைப்பவரைக் கேட்காமல் குட்டியைக் கொண்டுவருவது நியாயமே ஆகாது.

'எங்கள் தாத்தா காலத்தில் எந்த நாய்க்கு ஊசி போட்டார்கள்?' என்ற கேள்வி அடிக்கடி வரும். போடவில்லை என்பது உண்மை. வெறிநாய்க்கடியில் மனிதர்கள் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்ததும் அதே காலத்தில்தான். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயிடமிருந்து வருவதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. சந்தேகத்துக்குரிய விலங்கு கடித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் ரேபிஸால் இறந்தார்கள். இவற்றைத் தெரு நாயின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது நம் பழக்கம். வீட்டு நாயும் கடிக்கும், வீட்டுக் குட்டியின் கீறலை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் அது இன்னும் ஆபத்து. மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொன்னபடி வருஷந்தோறும். தவறிக் கடிபட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களை நாம் நிறைய இழந்திருக்கிறோம்.

காவலுக்குத்தானே, கட்டியே கிடக்கட்டும் என்ற எண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1994-இல் வெளிவந்தது. முற்றத்தில் சங்கிலியில் கட்டியே வைத்த நாய் கடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது அது. கருத்தடை செய்யாத ஆண் நாய்க்கும் வாய்ப்பு அதிகம். ஓடவும் முடியாமல் ஒதுங்கவும் முடியாமல் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் விலங்குக்கு, வருகிற எல்லாருமே மிரட்டலாகத்தான் தெரிவார்கள். தபால்காரரிடமும் பக்கத்து வீட்டுக் குழந்தையிடமும் அது காட்டும் சீற்றத்தை வீரம் என்று நாம் பெருமைப்படுகிறோம், பாவம், அது பயத்தில் குரைக்கிறது. இதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவாக வந்த 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவும் ஓடவும் விடாமல் உரிமையாளர் அசட்டையாக இருப்பதைக் குற்றமாக வரையறுக்கிறது. பட்டினியும் தாகமும் வரும் நிலையில் விலங்கைக் கைவிட்டுப் போவதும் அதன்படி குற்றம்தான். நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. தினமும் காலையும் மாலையும் அரைமணி நேரம் நாயோடு நடக்க வீட்டில் ஆள் இல்லையென்றால், பலகையை மட்டும் மாட்டிவிட்டு நாய் வாங்காமலே இருந்துவிடலாம்.

வாங்குவது என்று முடிவானால் எங்கே வாங்குவது? 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாயை வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேலும் ஈன வைக்கக் கூடாது. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடமும், கூடையில் வைத்துச் சந்தையில் விற்பவரிடமும், பஸ்ஸில் பார்சல் அனுப்புகிறேன் என்பவரிடமும் வாங்கினால் அந்தத் தாய் படும் பாட்டுக்கு நாமே பணம் கொடுத்தவர்களாவோம். பெட்டைக் குட்டி வேண்டாம் என்று ஒதுக்கும் வழக்கத்தை இங்கேயே விட்டுவிடலாம். பாலத்தடியிலும் மீன் மார்க்கெட் ஓரத்திலும் கொண்டுவந்து விடப்படுபவை பெரும்பாலும் பெட்டைகள்தான். கருத்தடை ஒரே ஒரு அறுவை சிகிச்சை. அதைச் செய்துவிட்டால் வருஷத்துக்கு இருமுறை வாசலில் நாய்க்கூட்டம் கூடுவதும், அறுபத்து மூன்று நாளில் ஆறு குட்டிகளோடு விழிப்பதும் இல்லை. பெட்டையின் குரைப்பில் குறைச்சலும் இல்லை.

இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் யார்தான் நாய் வளர்ப்பார்கள் என்று கேட்கலாம். கணக்குப் பார்த்த பிறகும் வளர்ப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் வீட்டு நாய் பன்னிரண்டாவது வயதில் கண் மங்கி, படியேற முடியாமல் நிற்கும்போதும் அதே வீட்டில் இருக்கும். முடியாது என்று தெரிந்துகொண்டவருக்கும் நாய் இல்லாமல் போய்விடவில்லை. திண்ணைகள் போனாலும் தெருவில் நாய்கள் இருக்கின்றன. 2023-இன் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அவற்றைச் சமூக விலங்குகள் என்றே குறிப்பிடுகின்றன. ஒரு தெருவில் ஐந்து வீடுகள் பேசிவைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் பாதையை விட்டு ஒதுங்கிய ஓரிடத்தில் நேரத்துக்குச் சோறு வைக்கலாம். சோறு வைக்கும் கைக்குத்தான் நாய் பிடிபடும். ஆகவே பேரூராட்சியின் கருத்தடை வண்டியோ ரேபிஸ் தடுப்பூசி முகாமோ வரும் நாளில் அவற்றைப் பிடித்துக் கொடுக்கவும் அந்த ஐந்து வீடுகளால்தான் முடியும். சிகிச்சை முடிந்து காதோரத்தில் சிறு வெட்டோடு திரும்பி வரும் நாயை அதே தெருவில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது விதி. அன்று ராத்திரி அது படுக்க, காம்பவுண்டுக்கு வெளியே மழை படாத இரண்டடி இடம் யாராவது ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.